பிள்ளைக்கும் பி.பி. பாருங்கள்

பெரியவர்கள் எந்த வியாதிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வேலையாகக் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்துவிடுவார்கள். கால் ஆணிக்குப் போனாலும் பார்ப்பார்கள். அதே வீட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், தொண்டையில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், நெஞ்சில் ஸ்டெத் வைப்பார்கள். பி.பி. மட்டும் விட்டுப்போகும். குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பத்தாம் வகுப்புக்கு வந்தும் ஒருமுறைகூட பி.பி. பார்க்கப்படாத பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம்.

பெற்றவர்களும் கேட்பதில்லை. கவலை இருப்பவர்களுக்கும் கோபக்காரர்களுக்கும்தான் பிரஷர் வரும் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. "பால்குடி மறந்து ரெண்டு வருஷம் ஆகல, இதுக்குப் போயி பிரஷரா சிஸ்டர்? இவனுக்கு என்ன கவலை?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்த அப்பாக்களும் இதையேதான் வேறு மாதிரி கேட்கிறார்கள்.

உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கணக்கு வெளியானது. அதன்படி 19 வயதுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு 4 பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தலைவலிகூட இருக்காது. ஓடுவார்கள், விளையாடுவார்கள், பரீட்சை எழுதுவார்கள். பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் பார்ப்பதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. கையில் சுற்றும் பட்டையை நாங்கள் 'கஃப்' என்போம். பெரியவர்களுக்கான கஃப்பை ஒல்லியான ஆறு வயதுப் பிள்ளையின் கையில் சுற்றினால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இருக்கிற பிரஷர் மறைந்துபோகும். அதையே திருப்பிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுபது கிலோ இருக்கும் பையனுக்கு 'குழந்தை கஃப்' என்று எழுதியிருப்பதைச் சுற்றினால், இல்லாத பிரஷரைக் காட்டும். அந்தப் பையனுக்குப் பெரியவர்கள் கஃப்தான் வேண்டும், சிலருக்கு அதிலும் பெரியது வேண்டும். வயதை வைத்து கஃப்பை எடுக்கக் கூடாது, கையின் சுற்றளவை வைத்து எடுக்க வேண்டும்.

தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் டேப் வைத்துக் கையின் சுற்றளவை எடுப்போம். கஃப்புக்குள் காற்று நிரம்பும் பை இருக்கிறதல்லவா, அதன் அகலம் இந்தச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம் கையைச் சுற்றி வர வேண்டும். அப்புறம் பிள்ளையை நாற்காலியில் முதுகு சாய உட்காரவைக்க வேண்டும். கால் தொங்கக் கூடாது, எட்டாவிட்டால் கீழே ஒரு மணை போடலாம். கால் மேல் கால் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தாங்கலாக வைத்து, சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்காமல் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். ஊசி போட்டு அழுது முடித்த பிள்ளைக்கும், மூன்று மாடி ஏறி ஓடிவந்த பிள்ளைக்கும் உடனே எடுத்த அளவு எதற்கும் பயன்படாது.

வலது கை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மெஷினில் அதிகமாகக் காட்டினால் மறுபடி எடுக்க வேண்டும். அதன் பிறகும் அதிகம் என்றால் ஸ்டெத் வைத்துக் காதால் கேட்டு எடுக்க வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று முறை வந்தபோதும் அதிகமாக இருந்தால்தான் ரத்த அழுத்த நோய் என்று டாக்டர் எழுதுவார். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பயத்தில் ஏறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சந்தேகம் என்றால் 24 மணி நேரமும் கையில் கட்டிக்கொண்டு போகும் கருவி இருக்கிறது. வீட்டில் தூங்கும்போதும் அது அளந்துகொண்டே இருக்கும். எல்லா ஊரிலும் கிடைக்காது, மருத்துவக் கல்லூரி உள்ள பெரிய ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, எண் வந்துவிட்டது. அது அதிகமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 120/80 என்றால் நார்மல் என்று எல்லோருக்கும் மனப்பாடம். எட்டு வயதுப் பையனுக்கு 120/80 வந்தால் அது அதிகம். அவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதிகம்தான். பிள்ளைகளுக்கு வயது, ஆணா பெண்ணா, உயரம் மூன்றையும் வைத்து அட்டவணை பார்க்க வேண்டும். அதே வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான பிள்ளைகளில் 100 பேரை பி.பி. குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையாக நிறுத்தினால், நம் பிள்ளை 90-வது இடத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும், 95-ஐத் தொட்டால் அதிகம். அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம் 2017-ல் இந்த அட்டவணைகளைத் திருத்தியது. பழைய கணக்கில் பருமனான பிள்ளைகளின் அளவுகளும் கலந்திருந்தன. அவர்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டதில் வரம்பு கொஞ்சம் கீழே இறங்கியது.

அட்டவணை பெரிது. அவசரத்துக்கு அதே கழகம் ஒரு சுருக்கப் பட்டியலும் தந்திருக்கிறது. பையன்களுக்கு மூன்று வயதில் 101/58, ஆறு வயதில் 105/66, எட்டு வயதில் 107/69, பத்து வயதில் 108/72. பெண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு எண்தான் வித்தியாசம். 13 வயதிலிருந்து பெரியவர்கள் கணக்கேதான்: மேல் எண் 120-ஐத் தொட்டால் கவனம், மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 80-ஐயோ தொட்டால் அதிகம். இந்தச் சுருக்க எண்ணைத் தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை, பெரிய அட்டவணையை எடுத்து ஒழுங்காகப் பார் என்று அர்த்தம். இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பயிற்சிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுவேன்.

பிரஷர் ஏன் வருகிறது என்பது வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் சிறுநீரகத்தில் இருக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கலாம், பிறவியிலேயே சிறுநீர்ப்பாதையில் குறை இருக்கலாம், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வந்து தழும்பு விழுந்திருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுவதாலும் ஏறும்.

நம் பக்கத்தில் நான் அடிக்கடி பார்ப்பது சிரங்குக்குப் பின்னால் வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. காலிலும் இடுப்பிலும் சிரங்கு வந்து, ஏதோ களிம்பு போட்டு, ஆறியும் விட்டது. சில வாரம் கழித்துக் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது. கண் இடுங்கிப்போயிருக்கிறது. மதியத்துக்குள் கொஞ்சம் வடிந்துவிடும். "சதை போட்டிருக்கான்னு நெனச்சோம் சிஸ்டர்" என்றார் அவன் அம்மா. சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போயிருக்கிறது, அதுவும் குறைவாக. வெயில் சூடு என்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் தலை வலிக்கிறது என்று வாந்தி எடுத்தவன் வலிப்பில் விழுந்துவிட்டான். கையில் இரும்புச் சாவியோடுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காக்காய் வலிப்பு என்று நினைத்து முதலில் வேறெங்கோ அலைந்திருக்கிறார்கள். எங்கள் டாக்டர் அவன் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. ஆறிய சிரங்குத் தழும்பைப் பார்த்தார். "பி.பி. என்ன சிஸ்டர்?" என்றார். 160/110.

தோலிலோ தொண்டையிலோ வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து வீக்கத்தை உண்டாக்குகின்றன. தொண்டைப் புண் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில், சிரங்கு என்றால் மூன்று முதல் ஆறு வாரத்தில் இது தலைகாட்டும். உப்பும் நீரும் வெளியேறாமல் தேங்கி பிரஷர் ஏறுகிறது. மூளை அதைத் தாங்காமல் வலிப்பு வருகிறது. நேரத்தோடு வந்தால் நீரை இறக்கவும் பிரஷரைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள். அந்தப் பையனும் தேறினான். முகம் உப்பி, சிறுநீர் நிறம் மாறிய முதல் நாளே யாராவது பி.பி. பார்த்திருந்தால் வலிப்பு வரை போயிருக்காது.

வலது கை விஷயத்துக்கு வருகிறேன். இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி, சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். சுருக்கத்துக்கு முன்னால் பிரியும் குழாய்களில் அழுத்தம் அதிகம், அதற்குக் கீழே குறைவு. இடது கைக்குப் போகும் குழாய் சுருக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே எடுத்தால் சில சமயம் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். தொடை இடுக்கில் இரண்டு விரல் வைத்து நாடித் துடிப்பைப் பார்த்தால் போதும். பச்சைக் குழந்தைக்கு அங்கே நன்றாகத் துடிக்கும், துடிப்பு மெலிந்திருந்தாலோ கிடைக்கவே இல்லை என்றாலோ உடனே கையிலும் காலிலும் பி.பி. எடுத்து எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்ப்பார்கள். அறுவை செய்தோ பலூன் வைத்தோ சரி செய்யலாம். பிறந்த குழந்தையை டாக்டர் டயப்பரை அவிழ்த்து அந்த இடத்தில் தொட்டுப் பார்த்தால் எதற்கு என்று பதற வேண்டாம். தொட்டுப் பார்க்காவிட்டால்தான் கேட்க வேண்டும்.

ஆறு வயதைத் தாண்டி, முக்கியமாகப் பத்துப் பன்னிரண்டு வயதில் வருவது வேறு. அங்கே பருமன்தான் பெரிய காரணம். அப்பா அம்மாவுக்கு பிரஷர் இருப்பது, உப்பு, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அதோடு சேரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் இருந்த பழைய பிரசவப் பதிவேடுகளை வைத்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் 1989-ல் இதய நோய் மரணங்களில் இதைக் காட்டினார். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர், நம் குழந்தைகள் பிறக்கும்போதே ஒல்லியாக இருந்தும் உடம்பில் கொழுப்பு விகிதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குச் சிறுநீரகத்தில் வடிகட்டிகள் எண்ணிக்கையிலேயே குறைவு என்பது ஒரு முக்கியமான விளக்கம். அதனால் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்து வந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை காத்திருக்கக் கூடாது, ஒவ்வொரு முறை வரும்போதும் பார்க்க வேண்டும். பிறவி இதய நோய், சிறுநீரக நோய், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று உள்ளவர்களுக்கும் அப்படியே. மற்ற எல்லோருக்கும் மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை.

"இப்ப கொஞ்சம் கூட இருந்தா என்ன, வளர்ந்தா சரியாகிடும்ல?" என்று கேட்பார்கள். சிலருக்கு ஆகும். ஆனால் இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவது முடி நரைத்த பிறகு தொடங்குகிற விஷயம் இல்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் உடலைப் பரிசோதித்து 1953-ல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயக் குழாயில் நோயின் அடையாளம் இருந்தது. அப்படியென்றால் தொடக்கம் எப்போது?

அதற்குப் பதில் தந்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற காகித ஆலை ஊர். அந்த ஊரில் பிறந்த ஜெரால்ட் பெரன்சன் என்ற இதய மருத்துவர், 1973-ல் அங்கே பள்ளிப் பிள்ளைகளை அளக்கத் தொடங்கினார். கறுப்பர், வெள்ளையர் இரு வீட்டுப் பிள்ளைகளையும் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். விபத்திலும் வேறு காரணங்களாலும் இளம் வயதில் இறந்துபோனவர்களுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தபோது குழாய்களைப் பார்த்தார்கள். 2 முதல் 39 வயது வரை 204 பேர். முடிவு 1998-ல் வெளியானது. 15 வயதுக்கு உட்பட்டவர்களிலேயே பாதிப் பேருக்கு இதயக் குழாயில் கொழுப்புக் கோடுகள். கோடு என்பது தொடக்க நிலைதான், அது அழியவும் கூடும். ஆனால் உயிரோடு இருந்தபோது எடுத்த அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பருமன், பிரஷர், கொழுப்பு, புகை என்ற காரணங்களில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இதயக் குழாயின் உட்பரப்பில் 1.3 சதவீதம் கோடுகள். மூன்று நான்கு காரணம் சேர்ந்திருந்தவர்களுக்கு 11 சதவீதம். பெற்ற பிள்ளையை இழந்த வேளையிலும் பரிசோதனைக்குச் சம்மதித்த அந்த ஊர்க் குடும்பங்களால்தான் இது நமக்குத் தெரிந்தது. அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய் தகப்பன்மார் நினைவுதான் வரும்.

2022-ல் பொகலூசாவோடு பின்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய இடங்களின் ஆய்வுகளையும் சேர்த்து சுமார் 38,600 பேரின் கதையைப் பார்த்தார்கள். சிறுவயதில் அளந்து, சராசரியாக 35 வருடம் பின்தொடர்ந்தது. சிறுவயதில் மேல் பிரஷர், எடை, கொழுப்பு, புகைப் பழக்கம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நடுவயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், பிரஷர் உள்ள பிள்ளைக்கு எக்கோ எடுத்தால் சில சமயம் அப்போதே இடது கீழறைச் சுவர் தடித்திருப்பது தெரியும். இதயமும் தசைதானே, அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போகிறது. பிரஷரைக் குறைத்தால் இந்தத் தடிப்பு குறையக்கூடியது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிகுறி இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் பார்ப்பதால் வரும் நன்மை தீமையை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-ல் சொன்னது. பார்க்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தவறான அளவை நம்பித் தேவையில்லாமல் மருந்து கொடுத்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. என் வேலையில் பார்த்ததை வைத்து நான் பார்க்கும் பக்கம்தான் நிற்பேன். எடை குறைந்த பிரசவங்களும், சிரங்கும், கண்டுபிடிக்கப்படாத சிறுநீரகக் கோளாறுகளும் இவ்வளவு இருக்கும் ஊரில், வலியில்லாத, செலவில்லாத ஐந்து நிமிடப் பரிசோதனையைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் உப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு டீஸ்பூன்தான். பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. குழம்பில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, தயிர் சாதத்துக்கு ஊறுகாயும் அப்பளமும், நாலு மணிக்கு மிக்சரும், ராத்திரி பாக்கெட் நூடுல்ஸும் என்றால் குறைத்தது எல்லாம் திரும்பி வந்துவிடும். பாக்கெட்டின் பின்னால் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. அந்த எண் நூறு கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்பதையும் பாருங்கள். இந்துப்பு போட்டால் பிரஷர் வராது என்று நம்புகிறார்கள், அதுவும் சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒருவர் கேட்கலாம்.

ராத்திரி குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழும் பிள்ளை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்துத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் பிரஷரை ஏற்றும்.

கடைசியாக மாத்திரை. "ஆரம்பிச்சா வாழ்க்கை பூரா போடணுமாமே" என்று பயந்து வாங்கிய மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பருமனால் வந்த பிரஷர் என்றால் முதலில் சில மாதம் சாப்பாட்டையும் விளையாட்டையும் வைத்தே பார்ப்பார்கள், மாத்திரை தொடங்கினாலும் எடை இறங்கினால் நிறுத்த முடிகிற பிள்ளைகள் உண்டு. சிரங்குக்குப் பின் வந்தது சில வாரத்தில் அடங்கிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் தொடர வேண்டும், அங்கே மாத்திரைதான் சிறுநீரகத்தையும் காக்கிறது. எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு வாந்தி பேதி வந்து நீர்ச்சத்து இறங்கினால், அன்றைய டோஸைக் கொடுப்பதா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு அந்த மருந்து எழுதினால், கர்ப்பத்தில் அது சிசுவைப் பாதிக்கும் என்பதை அம்மாவும் பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அளவு நார்மலுக்கு வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் அது நார்மலில் நிற்கிறது.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்தக் கை, எந்த அளவு கஃப், எண் என்ன, அன்றைய உயரமும் எடையும் என்ன. பார்த்துவிட்டு "நார்மல்" என்று மட்டும் சொன்னால் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்த நோட்டைக் கொண்டுபோனால், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.